ஐம்பத்துநான்கு பட்டங்களும் ஒரு மடைக்கல்லும்

செய்தி முந்துக.

மழை ஓய்ந்தது. கருங்குவளை ஏரியின் கரை உடையாமல் நின்றது. தங்கள் திருமகளாரும் எங்கள் அரசியாருமாகிய வெண்மாலை நாச்சியார் நலம். அவர்தம் கணவர் அரண்மனைக்குத் திரும்பினார்.

இனி வணக்கம். முகில் உறங்கும் முப்பது சிகரங்களுக்கு உடையவரும், தேனும் சந்தனமும் கேளாமலே வந்து குவியும் குன்றநாட்டின் கோமானும், சொன்ன சொல்லைக் கல்லினும் திண்ணிதாய்க் காப்பவருமாகிய பெருமலை அரையர் திருமுன்புக்கு, குவளைநாட்டுத் தலைநகராம் மணிமுற்றத்திலிருந்து ஓலைநாயகம் பூழியன் சாத்தன் ஏழடி தொலைவில் நின்று வணங்கி வரையும் ஓலை. தங்கள் மலைகளில் மழை அளவறிந்து பெய்க. தங்கள் சுனைகள் வற்றாதிருக்க. தங்கள் கோட்டைக் கதவுகள் விருந்தினர்க்கே திறப்பனவாகுக.

வணக்கத்துக்கு முன்னே செய்தியை வைத்தது மரியாதைக் குறைவு எனத் தங்கள் திருவுள்ளம் கருதக்கூடும். ஓலைநாயகத்தின் ஆசனத்தில் அமர்ந்தபின் அடியேன் எழுதும் முதல் ஓலை இதுவாதலின், எழுதியவனின் அறியாமை எனவும் கருதக்கூடும். இரண்டும் அல்ல, அவ்வாறு எழுதுவதே இந்நாட்டின் புதிய சட்டம். அச்சட்டம் பிறந்த வரலாறே தாங்கள் கேட்டருளிய வினாவுக்கு விடையும் ஆகும்.

தங்கள் மருமகனார் பித்துற்று, அரியணை விட்டு, ஏதோ ஒரு சிற்றூரில் மண் சுமக்கிறார் என்று கேள்வியுற்றதாகவும், கார்த்திகை முழுமதிக்குள் அவர் முடியும் பட்டமும் தரித்து அவை ஏறாவிடில் மகளாரைத் திருப்பி அழைத்துக்கொண்டு இருநாட்டு நட்பையும் முறித்துக்கொள்வதாகவும் ஐப்பசியில் ஓலை விடுத்திருந்தீர்கள். மண் சுமந்தது மெய். பித்து என்பது பொய். நடந்ததை மெருகிடாமல் எழுதுக என்பதும், சொன்னவர் சொல்லைச் சொன்னபடியே எழுதுக என்பதும் அரசர் ஆணை. செவிக்கு இனிக்காத இடங்களைத் தாங்கள் பொறுத்தருள வேண்டும்.

குவளைநாட்டில் எந்த ஆணையைச் சொல்லுமுன்னும், அரசரின் பட்டங்கள் ஐம்பத்துநான்கையும் கட்டியக்காரர் நாற்றிசையும் நோக்கி நான்குமுறை முழங்குவது ஏழு தலைமுறை வழக்கம். இடையில் ஒரு சொல் இடறினாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பட்டம் முடியுமுன் ஆணைக்குக் கீழ்ப்படிந்தவனுக்குத் தண்டம் உண்டு.

ஆவணியில் காலம் தப்பிப் பெருமழை பெய்தது. கருங்குவளை ஏரி நிறைகிறது என்று கேட்டவுடனே, தென்மடையைத் திறக்க அரசர் ஆணையிட்டார். முப்பது ஆண்டு கட்டியம் கூறிய வெண்ணிக் கூத்தர் குதிரையேறி மடைக்கீழூர் சேர்ந்தபோது, நீர் கரையின் உச்சிக்கு மூன்று முழம் கீழே நின்றது. மூழ்கி மடைக்கல்லைப் பெயர்க்கும் கோடன் இடுப்பில் கயிறு கட்டி ஆயத்தமாக நின்றான். கூத்தர் கிழக்கு நோக்கினார், தொடங்கினார். ஊரே கைகூப்பிக் கேட்டது. மூன்றாம் திசையில், "மாமழையைச் சொல்லால் நிறுத்திய மன்னர்" என்னும் நாற்பத்தோராம் பட்டத்தில், வாய்க்குள் மழைநீர் புகுந்து அவருக்குச் சொல் இடறியது. மீண்டும் கிழக்கு நோக்கினார்.

நான்கு திசையும் முடிந்தபோது நீர் கரையைத் தொட்டுவிட்டது. கோடன் குதித்தான். ஒரு கல்லைப் பெயர்ப்பதற்குள் கரை உடைந்தது. ஊரார் கோயில் மேட்டில் ஏறி உயிர் பிழைத்தனர். நாற்பத்திரண்டு வீடுகள் போயின. வயல்களில் இடுப்பளவு மணல் படிந்தது. கோடனை மறுநாள் ஒரு புளியமரக் கிளையிலிருந்து இறக்கினார்கள். உயிர் இருந்தது. நீர் அழுத்தியதில் இரு செவியும் கெட்டுவிட்டன.

கூத்தர் திரும்பிவந்து அரசர் அடியில் விழுந்து, ஒரு பட்டமும் விடவில்லை என்றார். அதைப் பெருமையாகச் சொல்லத் தொடங்கிய அவர் அழுகையாக முடித்தார் என்று அவையில் இருந்தோர் கூறுவர். அரசர் அவரைத் தண்டிக்கவில்லை. பட்டங்களைத் தமக்காக ஒருமுறை, மெல்லச் சொல்லுமாறு கேட்டுக்கொண்டார். பிறந்தது முதல் நாள்தோறும் காதில் விழுந்தவற்றை அன்றுதான் அவர் கேட்டார். முதல் பதினொன்று பாட்டனார் வென்ற போர்கள். அடுத்தவை தந்தையார் எடுத்த கோயில்கள். மற்றவை விருந்துக்குப் பின் புலவர்கள் ஈந்தவை. "மதகரிக்கு அஞ்சா மார்பர்" என்பது ஒன்று. அரசர் யானைக்கு இன்றும் அஞ்சுவார் என்பதைத் தாங்கள் திருமண ஊர்வலத்தில் கண்டிருப்பீர்கள். கூத்தர் முடித்த பின், அந்த ஐம்பத்துநான்கு பேரில் தமக்குத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை என்று அரசர் கூறினார். பின்பு உணவு வந்தது. ஏழு வாயில் கடந்து, மூவர் சுவைத்துப் பார்த்து, ஆறிப்போய் வரும் அந்த உணவை அவர் தொடவில்லை.

விடியலில் அவர் கூத்தரை மட்டும் உடன்கொண்டு, குடையின்றி மடைக்கீழூர் சென்றார்.

உடைந்த கரையில் ஊரே மண் சுமந்துகொண்டிருந்தது. யாருக்கு எந்தக் கூடை, யாருக்கு எத்தனை அகப்பை கஞ்சி என்பதைக் கோடனின் மனைவி கொற்றி தீர்மானித்துக்கொண்டிருந்தாள். அரசரை அவர்கள் முன்பு கண்டதில்லை; கூத்தரை மறக்கவில்லை. "ஏன் கட்டியக்காரரே, கூடையைத் தூக்குறதுக்கு முன்னாடி அதுக்கும் நாலு திக்கும் பார்த்துப் பாடணுமா?" என்று ஒருத்தி கேட்டாள். கரை முழுதும் சிரித்தது. கூத்தர் தலை குனிந்து ஒரு கூடையை எடுத்தார்.

அரசர் கொற்றியின் முன் சென்று, தாம் மாவேள் என்றும், ஆணை பிந்தியது தம்மால் என்றும் சொன்னார். அவள் அகப்பையால் கூடைக் குவியலைச் சுட்டினாள். "எம் புருசனுக்குக் காது போச்சு. ஊரு போச்சு. நீ வந்து நின்னா திரும்பி வருமா? கூடை அங்க கெடக்கு," என்றாள். அரசர் சென்று அதை எடுத்தார்.

கோடனிடம் வந்தவர் யாரென்று எவரும் சொல்லவில்லை; சொல்லும் வழியும் இல்லை. தன்னைவிட ஓரிரு ஆண்டு இளையவர் என்று கண்டு அவரைத் தம்பி என்றே அழைத்தான். செவியிழந்தவன் ஆதலின் ஊர் முழுதும் கேட்கும்படி அழைத்தான். அரசர் முதலில் திடுக்கிட்டார். பின்னர் அந்தக் குரலுக்காகக் காத்திருக்கத் தொடங்கினார்.

முதற் கிழமை உள்ளங்கால் கொப்புளித்தது, தோள் புண்ணாயிற்று. நண்பகலில் கிடைக்கும் கஞ்சிக்கும் உப்புக்கும் ஒரு வெங்காயத்துக்கும் அவர் காலையிலிருந்தே ஏங்கினார். உப்பு என்பது ஒரு சுவை என்று முப்பத்தாறு வயதில் அறிந்ததாக அவர் கூறியதை எழுத எழுத்தாணி கூசுகிறது, எனினும் ஆணை. மண்ணிலும் வகை உண்டென அறிந்தார். எது நீரைக் குடித்து இறுகும், எது குடித்து நெகிழும் என்பதைக் கையில் பிசைந்து கண்டார். ஒரு கூடையைக் கொட்டும்போது அடுத்த கூடையை நினைத்தால் கால் வழுக்கும் என்பதை இருமுறை வழுக்கி விழுந்து கண்டார்.

கோடன் மாலைதோறும் கரையில் வெறுங்காலோடு அசையாமல் நிற்பான். ஒருநாள் அரசரை அருகழைத்து, அவர் செருப்பைச் சுட்டிக்காட்டி, "அதைக் கழட்டு தம்பி. கரை பேசுது," என்றான். அரசர் கழற்றி நின்றார். ஒன்றும் விளங்கவில்லை. பதினைந்து நாள் நின்றார். பதினாறாம் நாள், உள்ளங்காலின் கீழே ஏதோ மிக மெல்லத் துடிப்பது போல் உணர்ந்தார். நீர் மோதுவதா, தம் குருதியே ஓடுவதா என்று பிரித்தறிய முடியவில்லை. அறிய முடியாமல் அங்கேயே நின்றபோது தமக்கு ஒரு குறையும் இல்லை என்று தோன்றியதாம். எப்பட்டமும் இல்லாமல், யாரென்று ஒருவனுக்குத் தெரியாமலே அவன் அருகில் நிற்பது அவ்வளவு போதுமானதாக இருந்ததாம்.

அரசியார் அவரை அழைத்துவரப் புரட்டாசியில் மடைக்கீழூர் சென்றதைத் தாங்கள் அறிவீர்கள். தனியே திரும்பியதையும் அறிவீர்கள். காரணத்தை அவர் யாருக்கும் கூறவில்லை. தந்தைக்கு மட்டும் எழுதலாம் என்று இப்போது இசைந்து, இச்சொற்களைத் தாமே மொழிந்தார்: "அப்பா, நான் போனப்ப மத்தியானம். அவர் ஒரு வேப்பமர நிழல்ல மண்ணோட மண்ணா தூங்கிட்டிருந்தார். கல்யாணமாகி ஒம்பது வருசத்துல அவர் தூங்கி நான் பார்த்தது அன்னைக்குத்தான். எழுப்ப மனசு வரல."

தங்கள் ஓலை வந்தபோது அதைக் கரைக்கு எடுத்துச் சென்றவன் இதை எழுதுபவனே. அரசர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு இருமுறை படித்தார். தங்கள் மீது அவருக்குச் சினம் வரவில்லை. மகளைப் பெற்றவர் வேறு எப்படி எழுதுவார் என்றார். ஆயினும் அரியணையைத் தம் இளவலுக்கு விட்டுவிட்டு, அரசியார் இசைந்தால் அவரோடு அவ்வூரிலேயே ஒரு குடிசை கட்டி வாழ எண்ணியுள்ளதாக விடை எழுதச் சொன்னார். தங்கள் மருமகனாரை நாடு இழக்கவிருந்த நாள் அது. அவ்விடையை எழுதுமுன், கார்த்திகை பிறந்த மூன்றாம் நாள், மழை மீண்டும் வந்தது.

நண்பகலில் தொடங்கியது. புதுக்கரை இன்னும் இறுகவில்லை. பிற்பகலில் கரைமேல் நின்றிருந்த கோடன் திடீரெனக் குனிந்து மண்ணில் கை வைத்தான். அதே கணத்தில் அரசரின் உள்ளங்காலும் அதை அறிந்தது. முன்பு துடித்தது இப்போது நடுங்கியது. தென்மடையைத் திறந்தால் பாயும் நீர் புதுமண்ணை அரித்துவிடும். ஏரியின் மறுகோடியில் உள்ள வடமடையைத் திறந்தாக வேண்டும். அங்கே காவல் பெருங்கண்ணர் என்பவர். திறந்தால் தம்மூர் நாற்றுகள் மூழ்கும் என்றாலும் அரசாணைக்குப் பணிபவர். அரசாணை இன்றேல் இம்மியும் அசையாதவர்.

அரசரிடம் மோதிர முத்திரை இல்லை. அரண்மனையில் விட்டு வந்திருந்தார். ஓர் ஓலையில் "மடை திறக்க" என்று கீறி, சேற்றில் தோய்த்த தம் உள்ளங்கையை அதில் பதித்துக் கூத்தரிடம் கொடுத்தார். பட்டம் வேண்டாம் என்றார்.

கூத்தர் ஓடினார். வடமடையில் பெருங்கண்ணர் ஓலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, சேற்றுக் கை எவருக்கும் உண்டு, பட்டம் எங்கே என்று கேட்டார். அவர் கேட்டது முறையே, வழக்கம் அதுதான். கூத்தர் பழக்கத்தால் கிழக்கு நோக்கித் திரும்பினார். வாய் திறந்தார். முதற் பட்டம் நுனிநாவில் நின்றது. ஆவணி மழையின் சுவை அப்போது வாயில் வந்தது என்று பின்னர் அவர் கூறினார். வாயை மூடினார். "பட்டம் அப்புறம். தண்ணி முதல்ல," என்று சொல்லிவிட்டு, தாமே சென்று மதகுப் பலகையைத் தோள்கொடுத்துத் தூக்கத் தொடங்கினார். அறுபது வயதுக் கட்டியக்காரர், முப்பது ஆண்டாகக் குரலன்றி வேறெதையும் உயர்த்தாதவர், சேற்றில் முழந்தாள் புதைய நின்று தூக்குவதைப் பெருங்கண்ணர் கண்டார். தண்டம் வந்தால் இருவருக்கும் வரட்டும் என்று அவரும் தோள் கொடுத்தார். பலகை எழுந்தது.

கரை நின்றது. வடமடை நாற்றுகள் மூழ்கின. அவர்களுக்கு மறுநடவுக்கு வேண்டிய விதை அரண்மனைக் களஞ்சியத்திலிருந்து சென்றுவிட்டது.

மழை ஓய்ந்தபின், குடிசைக்கு இடம் கேட்டு அரசர் கொற்றியிடம் சென்றார். அவள் அவருக்கு ஓர் அகப்பை கஞ்சி கூடுதலாக ஊற்றினாள். ஆனால் இடம் தரவில்லை. "மண்ணு சுமக்க ஆளு கெடைக்கும் சாமி. இன்னைக்கு அந்த ஓலையை யாரு போட்டா? நானா, எம் புருசனா? போ. போய் உன் வேலையைப் பாரு. அங்க இருந்தாலும் காலு தரையிலதானே இருக்கும்," என்றாள்.

அரசர் விடைபெறுகையில் கோடனுக்கு ஏதோ விளங்கியிருக்க வேண்டும். அல்லது விளங்காமலும் இருக்கலாம். அவர் செருப்பை எடுத்துவந்து தந்து, அடுத்த மழைக்கு முன் வந்துவிடுமாறு ஊர் கேட்கச் சொன்னான். அரசர் தலையசைத்தார்.

இப்போது அவர் அரண்மனையில் இருக்கிறார். அடுக்களைக்கும் உண்ணும் கூடத்துக்கும் இடையே இருந்த ஏழு வாயில்களில் ஆறு நீக்கப்பட்டன. அரசியாரும் அவரும் சுடச்சுட உண்கின்றனர். அவையில் வெறுங்காலோடு அமர்கிறார். வழக்கு சொல்ல வருபவர் சொல்லி முடிக்கும்வரை வேறெதையும் பாராமல் கேட்கிறார். அதனால் நாளொன்றுக்கு நான்கே வழக்குகள் முடிகின்றன என்று அமைச்சர்களுக்கு மனக்குறை உண்டு. அதையும் மறைக்காமல் எழுதச் சொன்னார்.

தாங்கள் கேட்ட இரண்டில் ஒன்று நிறைவேறிற்று: கார்த்திகை முழுமதிக்கு இரு நாள் முன்பே அவர் முடி தரித்து அவை ஏறினார். மற்றொன்று, பட்டம், நிறைவேறாது. அதன்பொருட்டுத் தாங்கள் நட்பை முறிப்பின் அரசர் வருந்துவார், வழக்காட மாட்டார். அரசியார் தங்களிடம் திரும்பி வரமாட்டார்; விருந்துக்கு அழைத்தால் இருவரும் வருவர்.

குவளைநாட்டு நாட்டாரும் ஊராரும் மடைக்காவலரும் அறிய இடும் ஆணை, தங்கள் பார்வைக்கும்: ஆணை முன், பட்டம் பின்; நீர், நெருப்பு, நோய் பற்றிய ஆணையில் பட்டமே இல்லை; அவ்வாணையைப் பட்டமின்றிக் கேட்டு நடந்தவர்க்குத் தண்டமில்லை. வெண்ணிக் கூத்தர் அவர் விரும்பியபடி இனி ஓலை சுமந்து ஓடுவார். இவ்வோலையைக் கொணர்ந்தவரும் அவரே. அவர் கால்களுக்கு வெந்நீர் தந்தருளுக.

மேலுள்ள முத்திரை கருங்குவளை ஏரி மண்ணில் பதித்த அரசர் மாவேளின் வலக்கை.

ஓலையின் அடியில் பட்டங்களுக்கென நான்கு விரற்கடை இடம் விடுவது மரபு, இதிலும் விடப்பட்டுள்ளது. அதில் என்ன எழுதுவது என்று பணிந்து கேட்டபோது, "ஒண்ணும் வேண்டாம். மாமா பதில் எழுத இடம் இருக்கட்டும்," என்றார் அரசர்.