நான் சேர்த்து எழுதிய வரி

செல்ல மகள் டெல்பினுக்கு அம்மா எழுதுவது. என் முழங்காலைத் தவிர நானும் உன் தம்பி கர்ட்டிஸும் சுகம். அங்கே சியாட்டிலில் மழை விட்டதா, மாப்பிள்ளைக்கு இருமல் குறைந்ததா, எழுது. இங்கே போன மாதம் பஸ் ஓட்டுகிற ரூபன் டேட் என்பவரை இரண்டு போலீஸ்காரர்கள் விலா எலும்பு முறிய அடித்துவிட்டார்கள், அவருடைய காரின் பின்விளக்கு எரியவில்லையாம். நகரசபை விசாரணை வைத்திருக்கிறது. அந்த இரண்டு பேரை வீட்டுக்கு அனுப்பினால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஊரே பேசுகிறது. அவர்களுடைய போலீஸ் ஸ்டேஷனில் இருபத்தாறு வருஷம் அறிக்கை தட்டச்சு செய்தவள் நான், எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. புதிதாக வருகிறவனுக்குத் துப்பாக்கி பிடிக்க எட்டு வாரம் பயிற்சி, பேசிச் சமாளிக்க ஒரே நாள். புகார் வந்தால் விசாரிப்பவர் அவனோடு உட்கார்ந்து மத்தியானம் சாப்பிடுகிறவர். ஆளை அடித்த அறிக்கையில் "என் உயிருக்கு ஆபத்து என்று அஞ்சினேன்" என்ற வரி இருந்தால் சார்ஜென்ட் படிக்காமலே கையெழுத்துப் போடுவார், இல்லையென்றால் மேலே விசாரணைக்கு அனுப்பியாக வேண்டும். அந்தத் தலைவலி யாருக்கு வேண்டும்? எழுத மறந்தவர்களுக்கு நானே சேர்த்துவிடுவேன். டேட்டை அடித்தவர்களும் அதே வரியைத்தான் எழுதியிருக்கிறார்களாம்.

உன்னிடம் சொல்லாத ஒன்று உண்டு கண்ணு. கர்ட்டிஸ் அதே ஸ்டேஷனில் போலீஸ் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் அவன் தடியால் அடித்ததில் ஒருவருக்குக் கை உடைந்தது. "அவர் திட்டினார், எனக்குக் கோபம் வந்தது, அடித்தேன்" என்று எழுதிக் கொடுத்தான். பிள்ளைக்கு வேலை போய்விடுமே என்று பயந்தேன். கோபத்தை எடுத்துவிட்டு அந்த வரியைப் போட்டேன். அவன் அதைப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டான்.

வியாழக்கிழமை விசாரணையில் இதைச் சொல்லப்போகிறேன். அந்த வரி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு அறிக்கையையும் வெளியாட்கள் விசாரிக்க வேண்டும் என்றும் கேட்பேன். அவன் வேலை போகலாம். ஞாயிறு சர்ச் முடிந்து சாப்பிடும்போது அவனிடம் சொன்னேன். கத்துவான் என்று பார்த்தேன். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "சொல்லும்மா. அன்னிக்கு நீ அப்படியே விட்டிருந்தா, ஏன்டா அடிச்சேன்னு ஒருத்தராவது என்னக் கூப்பிட்டுக் கேட்டிருப்பாங்க. அதுக்கப்புறம் அந்த வரிய நானே பதினோரு தடவ எழுதிட்டேன். ஒரு தடவகூட பயந்து அடிக்கல" என்றான். அவனைக் காப்பாற்றியதாகத்தான் இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கர்த்தர் உங்கள் இருவரையும் காக்கட்டும், பேரப்பிள்ளைக்கு என் முத்தம். வியாழன் சாயங்காலம் தம்பியைப் போனில் கூப்பிடு. என்னை அப்புறம் கூப்பிடலாம்.

உன் அம்மா,
லொரெட்டா