இறங்கத் தெரியாத மாப்பிள்ளை

விக்ரோலி
பம்பாய்
13-9-1967

அன்புள்ள நாகலக்ஷ்மிக்கு,

இங்கு எல்லோரும் க்ஷேமம் என்று எழுதத்தான் ஆசை. எழுதினால் அது இன்னொரு பொய்யாகிவிடும். நிச்சயமான பெண்ணுக்கு ஆபீஸ் விலாசத்தில் கடிதம் போடுவது மரியாதையில்லை என்று தெரியும். மன்னிக்கவும்.

பெண் பார்க்க வந்த அன்று என் மாமா பஜ்ஜியை மென்றுகொண்டே, "பையன் சைக்கிள்ல சூரனாக்கும். மேடு பள்ளம் பாக்காம பறப்பான்" என்றாரே, நினைவிருக்கிறதா? பெண் வீட்டில் ஏதாவது ஒன்றைத் தூக்கிச் சொல்லாவிட்டால் அவருக்குப் பலகாரம் இறங்காது. உங்கள் அப்பா அதை நம்பி, எங்கள் தொழிற்சாலை ஸ்போர்ட்ஸ் கிளப் செக்ரட்டரியிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். இருவரும் ஒரே பஜனை கோஷ்டியாம். இன்று நோட்டீஸ் போர்டில் என் பெயர்! இருபத்துநாலாம் தேதி, காலனிக்குப் பின்னால் இருக்கும் குன்றில் சைக்கிள் பந்தயம். சேறு, வாய்க்கால், கல்படி. ஓட்ட முடியாத இடத்தில் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓட வேண்டுமாம்.

எனக்கு நேரான ரோட்டில் ஓட்டத் தெரியும். இறங்கத் தெரியாது. சுவரோ விளக்குக் கம்பமோ பார்த்துத்தான் நிறுத்துவேன். உங்கள் அப்பா குடும்பத்தோடு பார்க்க வருகிறாராம். உண்மையைச் சொல்லிவிடட்டுமா?

தங்கள்
வேங்கடசுப்ரமணியன்


ஃபோர்ட் ஆபீஸ்
15-9-1967

மதிப்பிற்குரிய உங்களுக்கு,

கடிதத்தை டைப் மெஷினுக்குப் பின்னால் மறைத்துவைத்துப் படித்தேன். நான் சிரிப்பை அடக்கிய அழகைப் பார்த்து, ஜுரமா என்று மேனேஜர் கேட்டுவிட்டார்.

சொல்லாதீர்கள். சொன்னால் கல்யாணம் நின்றுவிடும். போன வருஷம் வந்த வரன் வயதில் இரண்டைக் குறைத்துச் சொன்னது தெரிந்ததும் அப்பா ஜாதகத்தைத் தபாலில் திருப்பி அனுப்பினார். அதற்கு நான் வருத்தப்படவில்லை. இது நின்றால் வருத்தப்படுவேன். வெட்கமில்லாமல் எழுதிவிட்டேன், அடித்துத் திருத்த மனமில்லை.

பத்து நாள் இருக்கிறது. நான் சொல்லித் தருகிறேன். ஆமாம், எனக்கு ஓட்டத் தெரியும். அப்பா விடிகாலையில் கோயிலுக்கு நடந்து போவார். அந்த நேரத்தில் அவர் சைக்கிளை எடுத்து ஃபைவ் கார்டன்ஸ் பூங்காவை இரண்டு சுற்று சுற்றிவிட்டு வைத்துவிடுவேன். கூட வேலை பார்க்கும் நஜ்முன்னிசா கொடுத்த சல்வார் கமீஸ் அதற்காகவே என் பெட்டியில் இருக்கிறது. என் பதினாலாவது வயதில் அப்பா, "போரும், இனிமே நீ சைக்கிள் விட்டா நன்னாருக்காது" என்றார். ஒன்பது வருஷமாகத் திருட்டுச் சவாரி. இது ஒருவருக்கும் தெரியக் கூடாது. சத்தியம் செய்யுங்கள்.

முதலில் மட்கார்டு, காரியர், ஸ்டாண்டு மூன்றையும் கழற்றுங்கள். சேறு அடைத்தால் சக்கரம் சுற்றாது. இறங்கும்போது வேகத்தைக் குறைத்து, வலது காலைப் பின்பக்கமாக வீசி இடது பக்கம் கொண்டுவாருங்கள். இடது பெடலில் நின்றபடியே கொஞ்ச தூரம் போங்கள். பிறகு குதிக்க வேண்டாம், நடக்க ஆரம்பித்துவிடுங்கள். பஸ்ஸிலிருந்து இறங்குவதில்லையா?

நாகலக்ஷ்மி


விக்ரோலி
19-9-1967

அன்புள்ள நாகலக்ஷ்மிக்கு,

சத்தியம் செய்தாயிற்று.

சைக்கிள் எங்கள் ஸ்டோர்ஸ் பியூன் பிச்சையாவுடையது. நான் மட்கார்டைக் கழற்றியபோது அவர் முகம் போன போக்கைச் சொல்ல முடியாது. "என்ன சார், கல்யாண மாப்பிள்ளைக்கு வேட்டிய உருவுத மாதிரி உருவுதீயளே!" என்றார். தினமும் விடியற்காலையில் அவர் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடிவருகிறார். முதல் நாள் பதினோரு தடவை விழுந்தேன். ஒரு தடவை எருமைகளுக்கு நடுவில். அவை எழுந்து வழிவிட்டன, மரியாதை தெரிந்தவை.

நேற்று நான்கு தடவை விழாமல் இறங்கினேன். ஆபீஸில் எல்லோரிடமும் சொல்லத் தோன்றியது. சைக்கிளைத் தூக்குவதுதான் சங்கடம், தோள் கன்றிவிட்டது. இந்தப் பொய்க்காக இவ்வளவு பாடா என்று சில சமயம் அலுத்துப்போகிறது. உங்கள் கடிதத்தை இன்னொரு தரம் படித்துவிட்டு மறுபடி ஏறுகிறேன்.

தங்கள்
வேங்கடசுப்ரமணியன்


ஃபோர்ட் ஆபீஸ்
21-9-1967

உங்களுக்கு,

சட்டைக்குள் தோளில் ஒரு கைக்குட்டையை மடித்து வைத்துக்கொள்ளுங்கள். சைக்கிளைக் கையால் தூக்கிப் பிடிக்காமல், குனிந்து நடு பாருக்கு அடியில் தோளைக் கொடுத்து நிமிருங்கள். ஹாண்டிலை ஒரு கையால் பிடித்தால் முன்சக்கரம் திரும்பி முகத்தில் அடிக்காது. காயத்துக்கு மஞ்சள் பற்றுப் போடவும்.

ஜெயிக்க வேண்டாம். முழுசாக வந்து சேருங்கள். கல்படிக்குப் பக்கத்தில் அம்மாவுக்குப் பின்னால் நிற்பேன். கையசைக்க மாட்டேன். இருந்தாலும் பாருங்கள்.

நாகலக்ஷ்மி


விக்ரோலி
24-9-1967

அன்புள்ள நாகலக்ஷ்மிக்கு,

பதினெட்டுப் பேரில் பதினெட்டாவதாக வந்தேன். ஏழு தடவை இறங்கினேன், ஒரு தடவைகூட விழவில்லை. கல்படியில் நான் காலை வீசியபோது, அம்மாவுக்குப் பின்னால் உங்கள் வலது காலும் லேசாக எழும்பியதைப் பார்த்தேன். அதற்கப்புறம் சைக்கிள் கனக்கவேயில்லை.

அதன் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியாது. உங்கள் அப்பா தனியாக வந்து, ஃபிளாஸ்கிலிருந்து காப்பி ஊற்றிக் கொடுத்தார். "கடைசியா வந்தா என்ன? இறங்கறச்சே என்ன லாகவம்! உங்க மாமா சொன்னது வாஸ்தவம்தான்" என்றார். நான் காப்பியைக் கீழே வைத்தேன்.

"மாமா சொன்னது பொய். பத்து நாள் முந்தி எனக்கு இறங்கவே தெரியாது" என்றேன்.

"யார் கத்துக்குடுத்தா?"

சத்தியம் நினைவில் இருந்தது. பிச்சையா பெயரைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவ்வளவு நன்றாகக் கற்றுக்கொடுத்தவளை மறைக்க மனம் வரவில்லை. பெருமையாகவும் இருந்தது. "நாகலக்ஷ்மி, கடிதத்துல" என்று சொல்லிவிட்டேன். அவர் ஃபிளாஸ்கை மூடிக்கொண்டு, உங்களையெல்லாம் அழைத்துப் போய்விட்டார்.

உங்களைக் காட்டிக்கொடுத்துவிட்டேன். ஜாதகம் தபாலில் வந்தால் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நீங்கள் அங்கே என்ன பாடு படுகிறீர்களோ என்பதுதான் கவலை.

வேங்கடசுப்ரமணியன்


மாதுங்கா
28-9-1967

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் மேல் மூன்று நாள் கோபமாக இருந்தேன். சத்தியம் என்றால் உங்களுக்கு விளையாட்டா? அன்று ராத்திரி அப்பா கேட்டதும் ஒன்பது வருஷத்தையும் ஒப்புக்கொண்டேன். அதற்கப்புறம் நான் சாதம் போடும்போது தட்டைப் பார்த்தே சாப்பிட்டார். ஒரு நாள் உங்கள் ஜாதகத்தைக் கையில் எடுத்தார். பார்த்துவிட்டு அலமாரியிலேயே வைத்தார்.

இன்று விடிகாலையில் அவர் கோயிலுக்குப் போகவில்லை. கீழே மாடிப்படி அடியில் ஏதோ தட்டுகிற சத்தம். போய்ப் பார்த்தால், சைக்கிளுக்குப் பக்கத்தில் ஸ்பானரோடு உட்கார்ந்திருக்கிறார்.

"தை மாசம் முகூர்த்தம்னு அவன் மாமாவுக்கு எழுதப்போறேன். கல்யாணத்தன்னிக்கு அவர் வாயைத் திறக்கப்படாதுன்னும் எழுதணும்" என்றார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் அழுதுவிட்டேன். அவர் கண்டுகொள்ளாமல் ஸீட்டை அழுத்தித் தாழ்த்தி, நட்டை முடுக்கினார்.

"ஒம்பது வருஷமா இத்தனை உசரத்துல எப்படிடீ ஓட்டினே?" என்றார். பிறகு ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டு, "ஏறிப் பாரு, கால் எட்டறதான்னு" என்றார்.

எட்டியது.

உங்கள்
நாகலக்ஷ்மி