கல்லாற்றில் கேட்ட சிரிப்பு

அக்கா,

இன்று காலை ஆப்பமாவுப் பாத்திரத்தின் மூடியைத் திறந்தேன். புளித்துப் பொங்கியிருந்த மாவின் வாசனை முகத்தில் அடித்ததும் உங்கள் குரல்தான் கேட்டது. "ஈஸ்ட்டு, ஈஸ்ட்டு! மூடுட்டி அதை!" அடுப்படியில் நின்று தனியாகச் சிரித்தேன். ஒரு காலத்தில் நம் இரண்டு வீடுகளிலும் ஆப்பம் கிடையாது, இட்லி கிடையாது, ரொட்டி கிடையாது. சீனி என்ற சொல்லையே பிள்ளைகள் காதில் விழாமல்தான் சொல்வோம்.

பேச்சுப் பயிற்சி நிலையத்தின் வராந்தாவில்தான் உங்களை முதலில் பார்த்தேன். உள்ளே என் மீனுவும் உங்கள் செல்வமும் பயிற்சியில் இருந்தார்கள். இருவருக்கும் ஆட்டிசம், இருவருக்கும் பேச்சு வரவில்லை. மலையாளம் பேசும் இந்த ஊரில் நான் போனில் அம்மாவிடம் நாகர்கோவில் தமிழில் புலம்பிக்கொண்டிருந்தேன். போனை வைத்ததும் நீங்கள் நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தீர்கள். சாலை என்ற பெரிய கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருப்பவரின் மனைவி, திருநெல்வேலிக்காரி என்றீர்கள். அப்புறம் முகவுரை எதுவும் இல்லை.

"பிள்ள காரணமே இல்லாம சிரிக்காளா? வயிறு கல்லு மாதிரி இருக்கா?"

ஆமாம் என்றேன்.

"ஈஸ்ட்டு கூடிப் போச்சுட்டி. வயித்துக்குள்ள அந்தப் பூஞ்சை பெருகிட்டுன்னா பிள்ள இப்பிடித்தான் சிரிக்கும், ஒறங்காது. எம்மவன மாதிரி பிள்ள உள்ள அம்மமாரெல்லாம் போன்ல ஒரு குரூப் வச்சிருக்காவ. அதுல எழுதிருக்காவ. இனிப்பும் புளிச்ச மாவும் அதுக்குத் தீனி. என்சைம் கொடுத்தா பூஞ்சையோட தோலை அது அரிச்சிரும், கேட்டியா?"

எனக்கு அன்று பாதிதான் விளங்கியது. ஆனால் மீனுவுக்கு என்ன செய்கிறது என்று பெயர் வைத்துச் சொன்ன முதல் ஆள் நீங்கள். அதுவே பெரிய ஆறுதலாக இருந்தது.

செல்வத்தை உறங்க வைத்தது இதுதான் என்று சொல்லி, வெளிநாட்டில் இருந்த உங்கள் தம்பி வாங்கி அனுப்பிய என்சைம் குப்பியில் பாதியை எனக்குக் கொடுத்தீர்கள். மாத்திரைக் கூட்டைப் பிரித்துப் பொடியைத் தட்டுவது எப்படி என்று உங்கள் சமையலறையில் நின்று சொல்லித் தந்தீர்கள். சூட்டில் போட்டால் வீணாகிவிடும் என்பதால் கஞ்சியை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்ப்பீர்கள். "என்சைம்னா செரிமானத்துக்கு உள்ள நொதி" என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை நான் சொன்னபோது, "நொதியோ கிதியோ, எம்பிள்ள ஒறங்கினா மதி, அது போதும்" என்றீர்கள்.

முதல் சில நாட்கள் மீனு உறங்கினாள். அதைச் சொன்னதும் போனிலேயே அழுதீர்கள். மறுநாள் பழவங்காடிக் கோயிலுக்கு என்னையும் பிள்ளைகளையும் கூட்டிப் போய் கணபதிக்குத் தேங்காய் உடைத்தீர்கள். பிரசாதமாக உண்ணியப்பம் கிடைத்தது. வெல்லமும் பழமும் சேர்ந்த பண்டம், நம் பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கூடாதது. செல்வம் கையை நீட்டினான். நாம் இருவரும் சட்டென்று திரும்பி நின்று, திருடிகள் மாதிரி மெல்லாமல் விழுங்கினோம். உங்களுக்கு விக்கல் எடுத்தது. நடுத்தெருவில் நின்று நாம் சிரித்த சிரிப்பைப் பார்த்து ஆட்டோக்காரர்கள்கூடச் சிரித்தார்கள்.

பிறகுதான் கோளாறு தொடங்கியது. மீனுவின் உதட்டைச் சுற்றித் தோல் சிவந்தது. சாப்பாட்டைக் கண்டாலே கையைக் கடித்துக்கொண்டு கத்தினாள். பூஞ்சை சாகும்போது கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்கும் என்று அந்தக் குரூப்பில் எழுதியிருந்தார்கள். பொறுத்துக்கொள் என்றீர்கள், பொறுத்துக்கொண்டேன். ஒரு நாள் அவள் தண்ணீரும் குடிக்க மறுத்தாள். நான் கூப்பிட்டதும் கடையிலிருந்து அப்படியே ஆட்டோவில் வந்தீர்கள். அவள் உதட்டைப் பார்த்ததும் உங்கள் முகம் மாறியது.

"நிப்பாட்டு. வேண்டாம்ட்டி. கிளம்பு, டாக்டரைப் பாப்போம்."

குழந்தை மருத்துவர் மலையாளப் பெண். மீனுவைப் படுக்க வைத்து வயிற்றை மெதுவாக அழுத்திப் பார்த்தார். "குட்டிக்கு நல்ல மலபந்தம், மலச்சிக்கல். எத்தனையோ நாளா கட்டிக் கிடக்கு. வேதனை சொல்லத் தெரியாது, அதாணு இப்படி அழறது" என்றார். உதட்டில் பட்டது அந்தப் பொடியின் எரிச்சல். ஈஸ்ட் என்பதற்கு அவர் பார்த்தவரை எந்த அடையாளமும் இல்லை. இந்த என்சைம் அதைப் போக்கும் என்பதற்கு நம்பும்படியான ஆதாரமும் இல்லை.

நம்மைத் திட்டுவார் என்று பயந்திருந்தோம். திட்டவில்லை. நீங்கள்தான் மெல்லக் கேட்டீர்கள். "அப்போ எம்மவனுக்கு நல்லானது எதுனால?"

"நல்லாயிருக்கலாம் அம்மா. அந்தச் சமயத்துல நீங்க சாப்பாடு மாத்தினீங்க, உறக்கம் மாத்தினீங்க, குட்டியும் வளர்ந்தான். எது கொண்டு நல்லாச்சுன்னு எனக்குப் பறயான் பற்றில்ல, சொல்ல முடியாது."

மலச்சிக்கலுக்கு மருந்து எழுதித் தந்தார். சில வாரங்களில் மீனுவின் வயிறு இளகியது, கத்தல் அடங்கியது. பேச்சு வரவில்லை. ஆனால் வலி போனது. அதுவே எங்கள் வீட்டுக்குப் பெரிய விடுதலை.

நீங்கள்தான் சில நாள் சுருங்கிப் போனீர்கள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வாடகை வேன் பிடித்து எல்லோரையும் கல்லாற்றுக்குக் கிளப்பினீர்கள். "இன்னிக்குப் பத்தியம் எதையும் பாக்காண்டாம்" என்று சொல்லி, ஆற்றோரக் கடையில் வாழைப்பழ பஜ்ஜியான பழம்பொரி வாங்கிப் பிள்ளைகள் கையில் கொடுத்தீர்கள். மீனு பாறை மேல் உட்கார்ந்து விரல் விரலாக நக்கினாள். செல்வம் முழங்கால் தண்ணீரில் மல்லாந்து படுத்தான். காதுக்குள் ஆறு ஓடியது போலிருக்கிறது, வானத்தைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தான். நிறுத்தவேயில்லை. வழக்கம்போல நான் உங்களைப் பார்த்தேன்.

"இது ஈஸ்ட்டு சிரிப்பு இல்லட்டி" என்றீர்கள். "அவனுக்குச் சந்தோசமா இருக்கு. அவ்வளவுதான்." சேலையோடு தண்ணீரில் இறங்கி அவன் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள்.

அப்படியும் செல்வத்துக்குப் பொடி கொடுப்பதை நீங்கள் விடவில்லை. "கெடுதல் ஒண்ணும் செய்யலையே, இருக்கட்டும்" என்பீர்கள். டாக்டரிடமும் மறைக்காமல் சொல்லிவிட்டுத்தான் கொடுத்தீர்கள். நீங்கள் நோயில் விழுந்து, நாங்கள் நினைத்ததைவிட வேகமாகப் போய்விட்ட பிறகு, உங்கள் வீட்டுக்கார அண்ணாச்சிக்கு அதை எப்படிக் கலப்பது என்று தெரியவில்லை. தானாக நின்றுவிட்டது. செல்வத்திடம் எந்த மாற்றமும் இல்லை அக்கா. அதே உறக்கம், அதே விளையாட்டு. முதலில் இதை உங்களுக்கு எழுத மனம் வரவில்லை. பிறகு நினைத்தேன், நீங்கள் இருந்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டு முதலில் சிரிப்பது நீங்களாகத்தான் இருக்கும்.

செல்வம் இப்போது அப்பாவின் கடையில் டம்ளர்களை அளவு பார்த்து அடுக்குகிறான். ஒன்று மாறியிருந்தாலும் கண்டுபிடித்துவிடுவான். மீனு என் தோளுக்கு வளர்ந்துவிட்டாள்.

உங்களிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது ஒன்று உண்டு. அந்த நாட்களில் யாரைப் பார்த்தாலும் மீனு என்ன சாப்பிட்டாள், வெளிக்குப் போனாளா, உறங்கினாளா என்றுதான் கேட்பார்கள். நானும் என்னையே அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். நீங்கள் மட்டும் எல்லாவற்றுக்கும் முன்னால், "நீ சாப்பிட்டியாட்டி?" என்பீர்கள். பதில் பொய் என்று தெரிந்தால் பையிலிருந்து எதையாவது எடுத்து நீட்டுவீர்கள்.

போன வாரம் அதே வராந்தாவில் ஓர் இளம் தாய் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கையில் புதிய குப்பி. "சேச்சி, இந்த என்சைம் கொடுத்தா ஈஸ்ட் போகுமா?" என்று கேட்டாள். மீனுவுக்கு நடந்ததையெல்லாம் சொல்லி, முதலில் டாக்டரிடம் காட்டச் சொல்ல வேண்டும் என்று வாயெடுத்தேன். அவளுடைய துருத்தி நின்ற கழுத்தெலும்பைப் பார்த்ததும் வேறு கேள்விதான் வந்தது.

"மோளே, நீ ஏதாவது சாப்பிட்டியா?"

யாரைக் கேட்கிறேன் என்று அவளுக்கு முதலில் புரியவில்லை. பின்னால் திரும்பிப் பார்த்தாள். பிறகு குப்பியை மடியில் வைத்துவிட்டு, இல்லை என்று தலையாட்டினாள்.