ஆணியில் தொங்கிய சாவி

புருசெத், ஒஸ்லோ
22 ஏப்ரல் 2007, ஞாயிற்றுக்கிழமை

திரு. குகநேசன் அவர்களுக்கு,

இருபத்து மூன்று ஆண்டுகளில் உங்களை இப்படி விளித்து நான் எழுதுவது இதுவே முதல் தடவை. ‘அன்புள்ள’ என்று தொடங்கி மூன்று தாள்களைக் கிழித்த பிறகு, பெயரோடு நிறுத்திக்கொள்வதே நேர்மை என்று தோன்றியது. நீங்களும் தேவிகாவும் பிள்ளைகள் மூவரும் நலம் என்று நம்புகிறேன். இங்கு நாங்கள் மூன்று பேர் இருக்கிறோம்.

இம்மாதம் பன்னிரண்டாம் திகதி பொலிஸாரின் கடிதம் கிடைத்தது. தக்சனின் மரணம் தொடர்பான விசாரணையை முடித்துக்கொள்கிறார்களாம். ஆட்சேபம் இருந்தால் மூன்று வாரங்களுக்குள், அதாவது மே மூன்றாம் திகதிக்குள், எழுதலாமாம். இறந்தவனின் தகப்பன் என்ற முறையில் உங்கள் வாக்குமூலத்தின் பிரதியை நான் கேட்டுப் பெற்றேன்.

நோர்வேஜிய மொழியில் அரைப் பக்கம். பெப்ரவரி இருபத்து நான்காம் திகதி முற்பகல் உங்கள் சக பஸ் சாரதியின் மலைக்குடிசைக்குப் பின்னால் நீங்கள் விறகு பிளந்துகொண்டிருந்தீர்கள். சாவி கொட்டிலுக்குள் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. உங்களோடு விடுமுறைக்கு வந்திருந்த இருபத்தொரு வயது இளைஞன், உங்களிடம் ஒரு வார்த்தை கேளாமல் அந்தச் சாவியை எடுத்து, முன்பின் பழகியிராத ஸ்னோ ஸ்கூட்டர் என்ற பனி வாகனத்தைச் சரிவில் ஓட்டிச் சென்றான். இயந்திரச் சத்தம் நின்றதைக் கேட்டு நீங்கள் ஓடிப்போனபோது வாகனம் அவன்மேல் புரண்டு கிடந்தது.

நான் பேராதனையில் பௌதிகம் படித்தவன். பதினாறு ஆண்டுகளாக இந்த நாட்டுப் பிள்ளைகளுக்குக் கணிதம் கற்பிக்கிறவன். விடை பிழையென்றால் எந்த வரியில் பிழைத்தது என்று தேடுவது என் தொழில். உங்கள் அரைப் பக்கத்தில் அதைத் தேட எனக்கு அதிக நேரம் எடுக்கவில்லை. தக்சனின் தலையில் இருந்தது, மண்பாதையில் மோட்டார் சைக்கிள் ஓட்டும்போது அவன் போடும் சொந்த மோட்டோகுறோஸ் தலைக்கவசம். “ஹெல்மெட்டை மறந்துபோடாதையடா, அங்கை உன்ரை சைஸுக்கு இல்லை” என்று முதல் நாள் தொலைபேசியில் நீங்கள் சொன்னதை என் மகள் யாழ் பக்கத்தில் இருந்து கேட்டிருக்கிறாள். ஆணியில் தொங்கிய சாவியைக் கண்டு திடீரென ஆசைப்பட்டவன் புருசெத்திலிருந்தே தலைக்கவசத்தோடு புறப்பட்டிருக்க முடியாது. பொலிஸாருக்கு இந்தக் கேள்வி எழவில்லை. ஏன் எழவில்லை என்பதை இன்னொரு நாள் யோசிக்கலாம்.

நீங்கள் ஏன் பொலிஸாரிடம் அப்படிச் சொன்னீர்கள் என்பது எனக்குத் தெரியும். பொழுதுபோக்குக்காக ஸ்னோ ஸ்கூட்டர் ஓட்ட இந்த நாட்டின் பெரும்பாலான இடங்களில் தடை. உங்கள் நண்பரிடம் இருந்தது குடிசைக்குச் சாமான் ஏற்றிச் செல்லும் அனுமதி மாத்திரம். நீங்களே அவனுக்குப் பழக்கினீர்கள் என்றால் அவருக்கும் வழக்கு, உங்களுக்கும் வழக்கு. பஸ் ஓட்டும் அனுமதி போய்விடும் என்ற பயம். கடந்த வாரம் ட்வெய்ட்டா கடைத்தொகுதியில் தேவிகாவைக் கண்டேன். நான் வாய் திறப்பதற்கு முன்னரே, “அண்ணை, எங்களுக்கு மூண்டு பொம்பிளைப் பிள்ளையள். போனவன் போட்டான், இருக்கிறதுகளைப் பாருங்கோ” என்றார். சொல்லிவிட்டு வாங்கிய சாமான்களை அப்படியே தரையில் வைத்துவிட்டு அழுதார். நான்தான் பையைத் தூக்கிக்கொண்டு வாசல் வரை போனேன். அவர்மீது எனக்குக் கோபம் இல்லை.

ஆனால் நீங்கள் எழுதிக் கொடுத்த கதை இப்போது ஒஸ்லோ முழுவதும் நடக்கிறது. தமிழ்ப் பாடசாலை வாசலில் பெற்ற தாய் சிவகாமியின் காதுபட, “கேக்காமல் எடுத்துக்கொண்டு ஓடினவனாம், இஞ்சை வளந்த பெடியளே உப்பிடித்தான்” என்று ஒருவர் கதைத்திருக்கிறார். அவள் வீட்டுக்கு வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் நின்று என்னிடம் கேட்டாள்: “குகன் வீட்டிலை ஃப்ரிட்ஜைத் திறக்கவே தேவிகாட்டைக் கேட்டுத்தான் திறக்கிறவன். அவன் சாவி எடுப்பானே?” நான் பதில் சொல்லவில்லை. அப்போது என்னிடம் பதில் இருந்தது. ஆறு நாள்களாக இருந்தது.

மருத்துவமனையில் தக்சனின் கைத்தொலைபேசியை என் உள்ளங்கையில் வைத்து என் விரல்களை மூடிவிட்டவர் நீங்கள். திரையில் ஒரு கீறல்கூட இல்லை. முந்நூறு கிலோ இயந்திரம் தன்மேல் புரண்டவனின் தொலைபேசி எப்படிக் கீறலின்றித் தப்பியது என்று அன்று நான் கேட்கவில்லை. நாற்பது நாள்களுக்கு மேல் அது இழுப்பறைக்குள் கிடந்தது. பொலிஸ் கடிதம் வந்த மறுநாள் மின்னேற்றித் திறந்தேன். இரகசிய எண் யாழின் பிறந்த திகதி.

உள்ளே நாற்பத்தேழு விநாடிப் படம் ஒன்று இருக்கிறது. பிடித்தவர் நீங்கள். தக்சன் ஸ்கூட்டரில் ஏறி இருக்கிறான். யாழுக்கு அனுப்ப வேண்டும், வடிவாக எடுங்கோ மாமா என்கிறான். “திருகாதை, பெருவிரலாலை அமத்து” என்று நீங்கள் சொல்கிறீர்கள். கிளட்ச் இல்லை, காலுக்குப் பிரேக்கும் இல்லை என்கிறீர்கள். அவன் சிரிக்கிறான். “மாமா, என்ரை வலது கால் பிரேக்கைத் தேடித் தேடிக் களைக்குது!” பிறகு ஒரு வட்டம் போகிறான். வளைவில் அவன் இடது கால் வெளியே நீள்கிறது. உங்கள் குரல் உடைகிறது: “காலை உள்ளை வை! டேய், காலை உள்ளை வையடா! இது உன்ரை மோட்டச்சைக்கிள் இல்லை!”

ஆறு ஆண்டுகள் மண்ணில் ஓட்டிய உடம்பு அது. மோட்டோகுறோஸில் வளைவு வந்தால் உட்பக்கக் காலை முன்னே நீட்ட வேண்டும், நீட்டாதவன் விழுவான். ஸ்னோ ஸ்கூட்டரில் நீட்டினால் சப்பாத்து பனியில் புதையும், கால் அகப்படும், சரிவில் வாகனம் அந்தக் காலின் பக்கமே சாயும். அவனைக் கொன்றது அறியாமை அல்ல. நன்றாகக் கற்ற ஒரு பழக்கம். நீங்கள் மூன்று தடவை எச்சரித்ததை நான் என் காதால் கேட்டேன். விபத்துக்கு உங்களைக் குற்றம் சாட்டமாட்டேன். இதை எந்த நீதிமன்றத்திலும் சொல்வேன்.

படத்தின் முடிவில் அவன் திரும்பி வந்து நிற்கிறான். “அப்பாக்குச் சொல்லிப்போடாதேங்கோ மாமா, மனுசன் என்னைக் கொன்றுபோடும்” என்கிறான். நீங்கள் சிரித்துக்கொண்டே, “உன்ரை அப்பர்தான்ரா என்னைக் கேட்டவர், உன்னைக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லி” என்கிறீர்கள். இயந்திரம் மெதுவாக ஓடிக்கொண்டிருக்கிறது. அவன் தலைக்கவசத்தின் கண்ணாடியை மேலே தள்ளுகிறான். “அப்பாவோ?”

அத்தோடு படம் முடிகிறது.

நான் உங்களைக் கேட்டது இன்று காலை வரை உங்களுக்கும் எனக்கும் மாத்திரம் தெரியும். எழுதி வைப்பது நல்லது. அவன் பதினைந்து வயதில் மோட்டோகுறோஸ் கழகப் படிவத்தை நீட்டியபோது நான் கையொப்பமிடவில்லை. சிவகாமிதான் இட்டாள். ஆறு ஆண்டுகளில் ஓர் ஓட்டப் போட்டிக்கும் நான் போனதில்லை. சேற்றுச் சப்பாத்தோடு அவன் வீட்டுக்குள் வந்தால் நான் சாப்பாட்டு மேசையை விட்டு எழுந்துவிடுவேன். கடந்த மாரியில் அவன் படிப்பையும் இடைநிறுத்தி, திரைச்சீலையை மூடிக்கொண்டு பகலெல்லாம் படுத்துக் கிடந்தான். மோட்டார் சைக்கிள் நிலவறையில் துண்டு துண்டாகக் கழற்றிக் கிடந்தது. அவனிடம் ஏன் என்று கேட்கும் வழியை நான் பல ஆண்டுகளுக்கு முன்னரே அடைத்துவிட்டிருந்தேன்.

ஜனவரியில் பல் வைத்தியரின் காத்திருப்பு அறையில் ஒரு சஞ்சிகை பார்த்தேன். மண்ணில் ஓட்டுகிறவர்கள் மாரியில் ஸ்னோ ஸ்கூட்டர் பழகிப் பார்க்கலாம் என்று ஒரு கட்டுரை. தோள் பலமும் உடம்பைச் சரித்துச் சமநிலை காக்கும் வித்தையும் அப்படியே உதவுமாம். கோடை வரும்வரை கை மறக்காதாம். அந்தப் பக்கத்தைக் கிழித்துச் சட்டைப் பையில் வைத்தேன். எங்கள் குடும்பத்தில் கேட்காமல் எடுத்தவன் நான்தான். அன்றே உங்களை அழைத்தேன். வடக்கே ஃபின்மார்க்கில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்த காலத்தில் நீங்கள் ஸ்கூட்டர் ஓட்டியவர் என்பது எனக்குத் தெரியும். கூட்டிக்கொண்டு போங்கள், நான் கேட்டதாகச் சொல்ல வேண்டாம் என்றேன்.

அந்தப் பக்கத்தின் கடைசிப் பத்தியில், வளைவில் காலை நீட்டும் பழக்கத்தை முதலில் மறக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. அதை நான் அவனிடம் கொடுத்திருக்கலாம். கொடுத்தால் நான்தான் கேட்டேன் என்பது அவனுக்குத் தெரிந்துவிடும். ஆகையால் கொடுக்கவில்லை. அந்தத் தாள் இப்போதும் நான்காக மடித்தபடி என் பணப்பைக்குள் இருக்கிறது.

இன்று காலை சிவகாமியிடம் இதை முழுவதும் சொன்னேன். அவள் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். கேட்டு முடியும் வரை சட்டையின் ஒரே கையை மறுபடியும் மறுபடியும் தேய்த்தாள். பிறகு இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டு, “ஒன்பது நாள் வைச்சிருந்தனீங்கள்” என்று மாத்திரம் சொல்லி அறைக்குள் போய்விட்டாள். என் பங்கு உண்மையை நான் சொல்லிவிட்டேன் என்பதற்காக இதை எழுதுகிறேன். இரக்கம் தேடி அல்ல.

இனி உங்கள் பங்கு. நான் கேட்பது ஒரு வாக்கியம்: ‘சாவியை நான் கொடுத்தேன்.’ அதற்கு மேல் எதுவும் நான் கோரவில்லை. அந்தியேட்டிக் கிரியை அன்று எங்கள் வீட்டில் சமையல் கிடாரம் கழுவியவர் நீங்கள். அவன் பெட்டியின் முன் மூலையைத் தோளில் சுமந்தவர் நீங்கள். அந்தத் தோளோடு அவனைத் திருடன் என்றும் எழுதி வைத்திருக்க முடியும் என்பதை ஏற்றுக்கொள்ள நான் படித்த எதுவும் எனக்கு உதவவில்லை.

தொலைபேசியை இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். பிரதி எடுக்கவில்லை. என் கையில் பிரதி இருந்தால் இது மிரட்டலாகிவிடும். விபத்து நடந்த பிறகு, அதை என்னிடம் தரும் வரை, நான்கு மணி நேரம் இது உங்கள் பையில் இருந்தது. ஒரு பொத்தானை அழுத்தினால் அந்தப் படம் இல்லாமல் போயிருக்கும். நீங்கள் அழுத்தவில்லை. மறந்துவிட்டீர்களா, மனம் வரவில்லையா என்பதை ஒன்பது நாள்களாக யோசிக்கிறேன். இரண்டாவதாக இருக்கலாம் என்ற எண்ணத்தில்தான் உறையை ஒட்டுகிறேன். நானே உங்கள் ரொம்மன் வீட்டுக்கு வந்து கடிதப் பெட்டியில் போடுவேன். மணியை அடிக்கமாட்டேன்.

குகன், உன் வாக்குமூலத்தின்படி என் பிள்ளை அந்த மலையில் தனியாக இருந்தான். கடைசியில் அவன் பக்கத்தில் ஒருவரும் இல்லை. அது பொய் என்று நீ எழுதிக் கொடு. பொலிஸுக்கு அந்த ஒரு வரி போதும். ஆனால் எனக்கு இன்னொன்று வேண்டும், அதை நீ எழுத வேண்டாம், வந்து சொல். ‘அப்பாவோ’ என்று கேட்டவன் அதற்குப் பிறகு என்ன சொன்னான்? ஒன்றும் சொல்லவில்லை என்றால், அவன் முகம் எப்படி இருந்தது? கண்ணாடியை மேலே தள்ளியிருந்தான் அல்லவா, நீ பார்த்திருப்பாய். இந்த உலகத்தில் அதைப் பார்த்தவன் நீ ஒருவன்தான். நீ அங்கே இருக்கவே இல்லை என்று நீயே சொல்லிக்கொண்டிருக்கும்வரை நான் யாரிடம் போய்க் கேட்பேன்?

மே மூன்றுக்கு இன்னும் பதினொரு நாள் இருக்கிறது. பின்னேரங்களில் நான் வீட்டில்தான் இருப்பேன். சிவகாமி கதவைத் திறக்கமாட்டாள். நான் திறப்பேன்.

உன் பிள்ளைகள் மூவரும் நீடூழி வாழட்டும்.

இப்படிக்கு,
தக்சனின் அப்பா
சச்சிதானந்தன்