பாவாயியின் கட்டை விரல்

மல்லசமுத்திரம்,
20-11-1989

அன்பு மகள் வசந்தாமணிக்கு அம்மா முத்தாயம்மாள் எழுதுவது. நானும் உன் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நாக்பூரில் நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் அப்படியே இருக்க வேண்டுமென்று தினமும் விளக்கேற்றும்போது கேட்டுக்கொள்கிறேன். அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும், குழந்தைக்குக் காதை மூடிக் கட்டு. இங்கே மழைக்குக் குறைவில்லை, கிணற்றில் தண்ணீர் ஏறிவிட்டது. செவலை மாடு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. இதெல்லாம் நல்ல சேதி. இனி எழுதப் போவது நல்ல சேதி இல்லை கண்ணு. என் அண்ணன், உன் தங்கசாமி மாமனைப் பற்றி வேறு யாராவது உனக்கு எழுதுவதற்கு முன்னால் நானே எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

உன் சின்ன மாமன் கந்தவேல் லாரியோடு கவிழ்ந்து போனபின் கோர்ட்டில் கொடுத்த நஷ்ட ஈட்டுப் பணத்தை அவன் சம்சாரம் பாவாயி அத்தை பேரில் ராசிபுரம் பேங்கில் போட்டது உனக்குத் தெரியும். அதன்பிறகு நடந்ததை நான் உனக்கு எழுதியதில்லை, கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு எதற்கு இந்தக் கவலை என்று விட்டுவிட்டேன். மாதாமாதம் அண்ணன் அவளைப் புல்லட்டில் கூட்டிக்கொண்டு போய்க் கைநாட்டு வைக்கச் சொல்வார். பேங்க் படி இறங்கும்போதே பணம் அவர் சட்டைப்பைக்குப் போய்விடும். மகளின் பள்ளிக்கூடச் செலவுக்குக்கூடப் பாவாயி அவர் வாசலில் போய் நிற்க வேண்டியிருந்தது. போன வருசம் இனிமேல் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அதற்கு அவர் விட்ட அறையில் அவள் அம்மிக்கல்லில் விழுந்து பல் உடைந்தது. அப்புறம் அவர் கூப்பிடவே இல்லை, மனசு மாறிவிட்டார் என்று நாங்கள் நம்பினோம். அவரோ ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து எவளோ ஒருத்தியை முக்காடு போட்டுக் கூட்டிப் போய், இவள்தான் பாவாயி என்று கைநாட்டு வைக்கச் செய்து, சாட்சிக் கையெழுத்தையும் தானே போட்டிருக்கிறார். பேங்கில் அவரைத்தான் எல்லோருக்கும் தெரியும், முக்காட்டுக்குள் யார் என்று யார் பார்த்தார்கள்?

இந்த ஆடியில் அந்தப் பேங்குக்குக் கம்ப்யூட்டர் வந்தது. டிவிப் பெட்டி மாதிரி ஒரு கண்ணாடி, கீழே டைப் மிஷின் மாதிரி பித்தான்கள், தட்டினால் பச்சை எழுத்து ஓடுகிறது. கரண்ட் போனால் பணமும் போய்விடும் என்று நம்மூரில் பாதிப் பேர் பயந்து கிடந்தார்கள். பழைய கணக்கையெல்லாம் அதில் ஏற்றுவதால், கைநாட்டு வைக்கிறவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டு நேரில் வர வேண்டும் என்று பால் சொசைட்டியில் நோட்டீஸ் ஒட்டினார்கள். பாவாயியை நான்தான் கூட்டிப் போனேன். ஸ்டூடியோவில் முகத்தை நிமிர்த்தச் சொன்னதற்கு அவளுக்குக் கழுத்தே நிமிரவில்லை. பேங்கில் கவுண்டரில் இருந்த பெண் போட்டோவை ஒட்டிவிட்டு, பித்தானைத் தட்டி, மிச்சம் இவ்வளவுதான் என்று சொன்னாள். பாவாயி, "நா வந்தே ஒரு வருசமாச்சுங்களே, ஆருங்க எடுத்தது?" என்று கேட்டாள். மேனேஜருக்கு முகம் செத்துவிட்டது. போலீசில் எழுதிக் கொடுங்கள் என்றார். அவள், "வேண்டாமுங்க, ஊட்டுக்குப் பெரியவரு. இனிமே எடுக்காம இருந்தாப் போதுமுங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அண்ணன் அந்த ஆத்தூர்க்காரியோடு பேங்குக்குப் போயிருக்கிறார். போட்டோவைப் பார்த்துவிட்டுக் கவுண்டர்ப் பெண், இவர் பாவாயி இல்லை என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லியிருக்கிறாள். முக்காட்டுக்காரி அழுதுகொண்டே ஓடிவிட்டாள். அண்ணன் பக்கத்தில் கிடந்த மர ஸ்டூலைத் தூக்கி, "இந்தப் பொட்டிதான்டா எங்குடும்பத்தக் கெடுத்துது" என்று கம்ப்யூட்டர் மேலே அடித்திருக்கிறார். கண்ணாடி வெடித்து அந்தப் பெண்ணின் நெற்றி கிழிந்துவிட்டது. பிடிக்க வந்த வாட்ச்மேனை வாயிலேயே குத்திவிட்டு, சட்டை கிழிய உதறிக்கொண்டு புல்லட்டை எடுத்திருக்கிறார்.

நேராக நம் காட்டுக்குத்தான் வந்தார். உச்சி வெயில். ஜவ்வரிசி மில்லுக்கு அனுப்புவதற்காக நானும் பாவாயியும் மரவள்ளிக் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தோம். ஒரு வார்த்தை கேட்கவில்லை, வந்ததும் அவள் கொண்டையைப் பிடித்து வாய்க்கால் மேட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார். "படம் புடிச்சு ஒட்டுனயாமா? கை வெச்சாத்தான பணம், வெக்கறதுக்குக் கை இருக்குதான்னு பாக்கறேன்" என்று சொல்லிக்கொண்டே, மரவள்ளிக் குச்சி வெட்ட வைத்திருந்த கொடுவாளை எடுத்து, அவள் வலது கையைக் கல்லின் மேல் வைத்து மிதித்துக்கொண்டு ஒரே போடு. கட்டை விரல் தனியாகப் போய்ச் சேற்றில் விழுந்தது. அவள் கத்தவில்லை கண்ணு, கத்தியது நான்தான். அவர் மறுபடியும் ஓங்கினார், மணிக்கட்டுக்குத்தான். எனக்கு எங்கிருந்து பலம் வந்ததோ, மம்பட்டியைத் திருப்பிப் பிடித்து அவர் முழங்கைக்குக் கீழே வீசினேன். எலும்பு முறிந்த சத்தம் என் காதுக்கே கேட்டது. கொடுவாள் கீழே விழுந்துவிட்டது. என்னைப் பார்த்து, "அம்மிணி, என்னையவா அடிச்சே?" என்றார். நான், "இன்னொருக்கா ஓங்குனீங்கன்னா மண்டையிலயே போட்டுருவேனுங்கண்ணா" என்றேன். சும்மா மிரட்டவில்லை, போட்டிருப்பேன். சத்தம் கேட்டு உன் அப்பாவும் பக்கத்துக் காட்டுக்காரர்களும் ஓடி வந்து அவரைக் கட்டிப் போட்டார்கள்.

விரலைத் துணியில் சுற்றிக்கொண்டு டாக்ஸியில் சேலம் போனோம், ஒட்ட வைக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அண்ணனுக்கும் அங்கேதான் மாவுக்கட்டு, போலீஸ்காரர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இப்போது ஜாமீனில் வந்திருக்கிறார். புண் ஆறுவதற்குள்ளேயே பாவாயி பேங்குக்குப் போக வேண்டும் என்று நின்றாள். கம்ப்யூட்டருக்குப் புதுக் கண்ணாடி போட்டிருந்தார்கள். மேனேஜர் போட்டோவையும் அவள் முகத்தையும் பார்த்துவிட்டு, இடது கட்டை விரலை வைத்தால் போதும் என்றார். நெற்றியில் தையலோடு இருந்த அந்தப் பெண் எழுந்து வந்து, மை தொட்டு வைக்க அவள் கையைப் பிடித்துக் கொடுத்தாள். பணத்தைப் பாவாயி தானே முந்தானையில் முடிந்துகொண்டாள். நான் தொடக்கூட இல்லை.

போன வாரம் நம் பங்காளி அருணகிரி நாலு பேரோடு சமாதானம் பேச வந்தார். குச்சி வெட்டும்போது தவறிப் பட்டுவிட்டது என்று நானும் பாவாயியும் சொல்லிவிட்டால், தங்கசாமி மேட்டுக்காட்டை எழுதிக் கொடுப்பாராம். நான் வாயைத் திறப்பதற்குள் பாவாயி கட்டுப்போட்ட கையை அவர் முகத்துக்கு நேரே நீட்டி, "காடு வேண்டாமுங்க, வெரலக் குடுக்கச் சொல்லுங்க, வாங்கிக்கறேன்" என்றாள். காப்பிகூடக் குடிக்காமல் எழுந்து போய்விட்டார்கள். அதிலிருந்து சொந்தத்தில் யாரும் எங்களை விசேஷத்துக்குக் கூப்பிடுவதில்லை. பாவாயியும் மகளும் இப்போது நம் வீட்டில்தான் இருக்கிறார்கள். பாவாயி தூக்கத்தில் அந்த விரலைத் தேடி எழுந்து உட்காருகிறாள்.

மாமன் உனக்குக் கடிதம் போடுவார், அம்மாவிடம் சொல் என்று கெஞ்சுவார். உனக்குக் காய்ச்சல் வந்தபோது திருமணிமுத்தாற்று வெள்ளத்தில் தோளில் தூக்கிக்கொண்டு போனவர் அவர், உன் கல்யாணத்துக்கு ஒரு குறையுமில்லாமல் தாய்மாமன் சீர் செய்தவரும் அவர்தான். நான் எதையும் மறக்கவில்லை, நீயும் மறக்க வேண்டாம். ஆனால் அந்தக் கல்லின் மேல் நான் பார்த்ததைப் பார்க்கவில்லை என்று சொல்லச் சொல்லி மட்டும் எனக்கு எழுதாதே.

மாப்பிள்ளை தங்கமானவர், அவரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. இருந்தாலும் உன் பேரில் அங்கே ஒரு கணக்கு ஆரம்பி, உன் போட்டோவை ஒட்டு, நீயே போய்க் கையெழுத்துப் போட்டு எடு. பேத்திக்கு முதல் பிறந்தநாள் வருகிறது, பட்டுப்பாவாடை பார்சலில் அனுப்பியிருக்கிறேன், கொஞ்சம் பெரியதாகத்தான் இருக்கும், பிடித்துத் தைத்துக்கொள். மூன்று பேரும் நோய் நொடியில்லாமல், மனசு நிறைந்து வாழ அங்காளம்மன் துணையிருப்பாள்.

தை மாதம் நாமக்கல் கோர்ட்டில் கூண்டில் ஏறுகிறேன். அண்ணன் எதிரில் நிற்பார். பயமாகத்தான் இருக்கிறது சாமி. அந்த வாரம் உன்னால் வர முடிந்தால், குழந்தையோடு வந்து எனக்குத் தெரிகிற மாதிரி முன்னால் உட்கார். வர முடியாவிட்டாலும் பரவாயில்லை, நான் சொல்லிவிடுவேன்.

உன் அம்மா,
முத்தாயம்மாள்