கொய்யா மரத்துப் பெற்றோமாக்ஸ்

இந்த வாரம் முழுக்க எங்கள் ஆசிரியர் அறையில் டீசல் புகை நாறுகிறது. ஜன்னலைச் சாத்தினாலும் போவதில்லை. கீழே மைதானத்தில் கார்னிவல் வந்திருக்கிறது. விளக்குகளுக்கான ஜெனரேட்டரை எங்கள் மதிலோரமாக நிறுத்தியிருக்கிறார்கள்.

புகையையாவது பொறுத்துக்கொண்டேன். பேச்சைத்தான் பொறுக்க முடியவில்லை. இரண்டு இளம் டீச்சர்மார் பரீட்சைத் தாள்களைத் திருத்திக்கொண்டே திட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"சனிக்கிழம வேணாம். போன சனிக்கிழம ராட்டினத்துக்கு ஒரு மணித்தியாலம் நின்னோம், கால் செத்துப்போச்சு."

"அப்ப புதன்கிழம போவோம். ஆனா மரணக் கிணறு ராத்திரி ஆட்டம்தான் பாக்கணும். பகல்ல பாத்தா மோட்டார்சைக்கிள்காரன் மூஞ்சி தெரியுது, பாவமா இருக்கு."

நீங்க வரலியா டீச்சர் என்று என்னையும் கேட்டார்கள். தலைவலி என்றேன். நான் அதிகம் பேசாதவள் என்பது அவர்களுக்குப் பழகிவிட்டது. மேற்கொண்டு கேட்கவில்லை.

இதே மைதானம்தான். இதே புகைதான். நீ இருந்திருந்தால் அவர்களுடைய புதன்கிழமைத் திட்டத்தில் நூறு ஓட்டை கண்டுபிடித்திருப்பாய்.

அப்போது நான் தேயிலைத் தோட்டத்திலிருந்து பதுளைக்கு பஸ்ஸில் வந்து படித்துக்கொண்டிருந்தேன். நீ ஐந்தாம் வகுப்போடு நின்று கொழுந்து பறிக்கப் போய்விட்டாய். ஒரே லயத்து வரிசையில் அடுத்தடுத்த காம்பரா, ஒற்றை அறை வீடுகள். உன் வீட்டில் அடுப்பு பற்றவைத்தால் எங்கள் வீட்டில் இருமுவோம். எங்கே போனாலும் நாம் இரண்டு பேரும் வேலையைப் பிரித்துக்கொள்வோம். கடையில் விலை கேட்பது, பஸ்ஸில் இடம் கேட்பது, கங்காணியிடம் லீவு கேட்பது எல்லாம் நீ. எனக்கு வாய் திறக்காது. "நீ பாத்து வை, நான் கேட்டு வைக்கிறேன்" என்பாய். பார்ப்பது என் வேலை, கேட்பது உன் வேலை.

அந்த வருஷம் கார்னிவல் வந்தபோது நீ கேட்காத ஆள் இல்லை. பாண் ரொட்டி கொண்டுவருகிறவர், கொழுந்து லொறி டிரைவர், சம்பளச் சனிக்கிழமை பதுளைக்குப் போய்வந்தவர்கள் என்று ஒருவரையும் விடவில்லை. எந்த நாள் கூட்டம் குறைவு, எதற்கு எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், கிணற்றில் மோட்டார்சைக்கிள் ஓட்டுகிறவன் எந்த ஆட்டத்தில் இரண்டு கையையும் விடுகிறான் எல்லாம் உனக்குத் தெரிந்திருந்தது. விடுமுறை நாளில் கொழுந்து நிறுக்கும் இடத்துக்கு நான் வந்தால், பெண்கள் உன்னைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். கூடைகள் மட்டும் தராசுக்கு நேராக வரிசையாக நிற்கும். கணக்கப்பிள்ளை வரும்வரை யாரும் அந்த வரிசையில் கால் கடுக்க நிற்பதில்லை. கூடை நின்றால் ஆள் நின்ற மாதிரி. அதை ஒருத்தரும் தொட மாட்டார்கள்.

"என்னா, நிறுவைக்கு வந்தீங்களா, கார்னிவல் டிக்கெட்டு விக்க வந்தீங்களா?" என்று கங்காணி ஒருநாள் அதட்டினார்.

"ஒங்களுக்கும் ஒண்ணு எடுத்து வைக்கவா கங்காணி? கெணத்துக்குள்ள ஓட்டுறதுக்கு ஆள் பத்தலியாம்" என்றாய் நீ. அவரே சிரித்துவிட்டார்.

ஆனால் உனக்கு மோட்டார்சைக்கிள் முக்கியமில்லை. அது எனக்கு மட்டும் தெரியும். குடியுரிமைக்கு என் அப்பா இலங்கைக்கு எழுதினார், உன் அப்பா இந்தியாவுக்கு எழுதினார். தை பிறந்ததும் உங்களுக்குக் கப்பல் என்று ஆகியிருந்தது. குறுக்குப் பாதையில் இறங்கும்போது ஒருநாள் நின்று சொன்னாய்.

"லயத்துக்குள்ளயே கெடந்தா லயம் எங்கடி தெரியுது? ராட்டினம் உச்சிக்குப் போனா நம்ம மலை முழுக்கத் தெரியுமாம். இருட்டுன பெறகு வெளக்கு வச்சா நம்ம வீடு எதுன்னே சொல்லிரலாமாம். அத ஒரு தடவ பாத்துட்டேன்னு வையி, நான் அழாம போயிருவேன்."

நான் அத்தை என்று கூப்பிடுகிற உன் அம்மாவிடம் எப்படிச் சொல்லி வைத்தாயோ, அவர் கோயில் பண்டாரத்திடம் போய் வேண்டுதல் என்று சொல்லி பெற்றோமாக்ஸைக் கேட்டு வாங்கிவிட்டார். லயத்துக் குப்பி விளக்குகள் எல்லாம் மஞ்சள்; பெற்றோமாக்ஸ் வெள்ளை. அதனால் தவற வாய்ப்பில்லை. இருட்டியதும் வீட்டுக்கு முன்னால் நிற்கிற கொய்யா மரத்தில் கட்டுவது என்று ஏற்பாடு.

அன்றைக்கு வெயில் இருக்கும்போதே மைதானத்துக்கு வந்துவிட்டோம். "வெளிச்சம் போட்ட உடனே எல்லாரும் ராட்டினத்துக்குத்தான் ஓடுவாங்க. நம்ம அதுக்கு முன்னாடியே எடம் புடிச்சிரணும்" என்றாய். நாம் போனபோது பல்பு மாட்டுவதற்காகச் சக்கரத்தை நிறுத்தியிருந்தார்கள். ஆனாலும் வரிசை தொடங்கியிருந்தது. நீ அதைப் பார்த்தாய். நகராத வரிசை, சக்கரத்தை ஓட்ட இன்னும் வராத ஆள். நமக்குப் பழகிய காட்சி. ரொட்டியும் சம்பலும் வைத்திருந்த பன்புல் பையை ஒரு மனுஷனுக்குப் பின்னால் புல்லில் வைத்துவிட்டு, "வாடி, கெணத்துக்கிட்ட போய் பாத்துட்டு வருவோம்" என்று என் கையைப் பிடித்து இழுத்தாய். எனக்கும் தவறாகத் தோன்றவில்லை. நம் மலையில் யாருக்கும் தோன்றியிருக்காது.

கிணற்றுக்கு வெளியே மேடையில் இரண்டு மோட்டார்சைக்கிள்களை உறும விட்டுக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டிருக்கையில் முதுகுக்குப் பின்னால் வெளிச்சம் வந்தது. திரும்பினால் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. ஓடினோம். வரிசை கயிற்றைத் தாண்டி வெகுதூரம் போயிருந்தது. நம் பை வேலியோரத்தில் மிதிபட்டுக் கிடந்தது. சம்பல் புல்லில் சிந்தியிருந்தது.

பையை வைத்த இடத்தை நீ காட்டினாய். அங்கே நின்ற டவுன் பையன் ஒருவன், "இது என்னா, தோட்டத்துத் தராசுன்னு நெனச்சீங்களா?" என்றான். கூட நின்றவர்கள் சிரித்தார்கள்.

"தராசா இருந்தா ஒங்களயும் நிறுத்திருப்போம்ணே. தண்ணிக்குக் கழிச்சா ஒண்ணும் மிஞ்சாதுன்னுதான் விட்டுட்டோம்" என்றாய்.

அவனுக்கு அது விளங்கவில்லை. ஈரக் கொழுந்துக்குக் கணக்கப்பிள்ளை எடையில் சில றாத்தல் கழிப்பது அவனுக்கு எப்படித் தெரியும்? ஆனால் உன் குரல் நடுங்கியது எனக்குத் தெரிந்தது. மலைப்பக்கம் இருட்டிவிட்டது. அத்தை இப்போது விளக்கைக் கட்டியிருப்பார். கடைசி பஸ் நமக்காகக் காத்திருக்காது. வரிசையின் வாலில் நின்றால் விளக்கு, பஸ் இரண்டில் ஒன்று போய்விடும்.

முன்னால் நின்ற ஒரு முஸ்லிம் அம்மாதான், பஜாரில் கடை வைத்திருக்கும் குடும்பம், திரும்பிப் பார்த்துக் கூப்பிட்டார். "ஏன் புள்ள கண் கலங்குறீங்க? எங்கட மகளுக்குப் பக்கத்துல ஒராளுக்கு எடமிருக்கு. ஆராச்சும் ஒராள் வாங்க."

நீ என்னைப் பார்த்தாய். நான் உன் முதுகில் கை வைத்துத் தள்ளினேன்.

கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பல்பு வெளிச்சத்தில் என் கண் கூசியது. அதற்குப் பின்னால் மலை இருக்கிறதா என்றே தெரியவில்லை, எல்லாம் ஒரே கறுப்பு. உன் தொட்டில் உச்சியில் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு இறங்கியது. நீ இறங்கி வந்து ஒன்றும் சொல்லவில்லை. பஸ்ஸிலும் சொல்லவில்லை. எதையும் கேட்பது உன் வேலை என்பதால் நானும் கேட்கவில்லை. கிணற்றுக்குள் மோட்டார்சைக்கிள் ஓடுவதை நாம் பார்க்கவேயில்லை.

லயத்துக்கு வந்தபோது பெற்றோமாக்ஸ் இன்னும் கொய்யா மரத்தில் எரிந்துகொண்டிருந்தது. அத்தை போர்வையைப் போர்த்திக்கொண்டு இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.

"தெரிஞ்சிச்சாடி?"

"தெரிஞ்சிச்சும்மா. நீ ஆட்டுனது கூட தெரிஞ்சிச்சு."

"நான் எங்கடி ஆட்டுனேன்? மரத்துலயில்ல கட்டி வச்சேன்."

பெற்றோமாக்ஸ் இரைகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அத்தை எழுந்து விளக்கை அவிழ்த்துக்கொண்டே, "காத்துல ஆடியிருக்கும்" என்றார்.

அன்றைக்குக் காற்று இல்லை. நான்தான் பார்க்கிறவள் ஆயிற்றே. கொய்யா இலை ஒன்றுகூட அசையவில்லை. விளக்கு கம்பிக்கட்டில் நேராக, அடித்து வைத்த மாதிரி நின்றிருந்தது. அம்மா குளிரில் உட்கார்ந்தது வீணாகக் கூடாதென்று நீ ஒரு பொய் சொல்லியிருக்கிறாய், அந்தப் பொய் உடையக் கூடாதென்று அத்தை இன்னொன்று சொல்லியிருக்கிறார். அப்படித்தான் நினைத்தேன். அத்தையும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். அவர் உன் முகத்தைப் பார்க்காமல் விளக்கை எடுத்துக்கொண்டு கோயிலுக்கு நடந்தார்.

தை மாதம் பதுளை ஸ்டேஷனில் கப்பலுக்குக் கொண்டுபோகிற கோச்சி நின்றது. அன்றைக்கு அங்கே அழாத ஆள் நீ ஒருத்திதான். கோச்சிக்குள்ளே இருந்தவர்களும் வெளியே நின்றவர்களும் ஜன்னல் கம்பிகளுக்கு ஊடாகக் கையைப் பிடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். என் அம்மாவும் அத்தையும் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவில்லை. நீ மூட்டையின் மேல் உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தாய். "எனக்கென்னடி, நான்தான் மேலருந்து பாத்துட்டேனே" என்றாய். கோச்சி ஹாலிஎலப் பக்கம் திரும்பி மறையும்வரை நான் உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிரிப்பு மாறவில்லை. என்ன நெஞ்சழுத்தம் என்று நினைத்தேன்.

அதன்பிறகு நான் பல்கலைக்கழகத்துக்குப் போனேன். நம் லயத்திலிருந்து போன முதல் ஆள் என்று ஊரெல்லாம் பேசினார்கள். அங்கே விரிவுரை மண்டபத்தில் ஒரு சந்தேகம் கேட்க வேண்டுமானாலும் பக்கத்தில் உன்னைத் தேடுவேன். கேட்காமலேயே படித்து முடித்தேன்.

போன மாதம் பஜாரில் துணிக்கடை வைத்திருக்கும் முதலாளி திருச்சியில் தன் சொந்த ஊருக்குப் போய்த் திரும்பினார். அங்கே உன் அப்பாவைக் கண்டாராம். கூடலூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் உங்களுக்கு வேலை கிடைத்ததாம். அங்கேயும் தேயிலைதானாம், நீ கொழுந்துதான் எடுத்தாயாம். காய்ச்சல் வந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே போய்விட்டாயாம். அது நடந்தும் வெகுகாலம் ஆகிவிட்டதாம். அத்தை இப்போது உன் அண்ணனோடு வேறெங்கோ இருக்கிறாராம். எந்த ஊர் என்று முதலாளி கேட்டுக்கொள்ளவில்லை.

அம்மா இஸ்தோப்பில் உட்கார்ந்து அழுதார். "போற அன்னிக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடலியே அந்தப் புள்ள" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்கு அழுகை வரவில்லை. நீ அவ்வளவு அழுகையையும் விழுங்கிக்கொண்டு போயிருக்கிறாய், ஒரு பொய்யை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு கடல் தாண்டியிருக்கிறாய் என்ற நினைப்பு ஒரு மாதமாக என்னைத் தூங்க விடவில்லை. அந்த நேரத்தில்தான் ஜன்னலில் டீசல் புகை வந்தது.

நேற்று தனியாகப் போனேன். புதன்கிழமைதான், ஆனாலும் நீண்ட வரிசை. இருட்டுகிறவரை நின்றேன். என் முறை வந்ததும் தொட்டிலைப் பிடித்திருந்தவர், "ஒத்த ஆளா டீச்சர்? பின்னால நிக்கிறவங்கள ஏத்தவா?" என்றார்.

"ஆள் இருக்கு" என்றேன். என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது. இரண்டு டிக்கெட்டுகளை நீட்டிவிட்டு, பக்கத்து இடத்தில் என் பையை வைத்தேன். அவர் பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சரி, ரெண்டு பேரும் கெட்டியா புடிச்சிக்கிங்க" என்று சொல்லிக் கம்பியை மாட்டினார்.

கீழே ஆட்களை ஏற்றுவதற்காகச் சக்கரம் நின்று நின்று போனது. உச்சிக்கு வந்தபோது பல்புகள் எல்லாம் காலுக்குக் கீழே போய்விட்டன. கண் கூசவில்லை. எதிரே நம் மலை இருந்தது. கோயில் முகப்பில் இப்போது மின்சார விளக்கு போட்டிருக்கிறார்கள். அதைப் பிடித்துக்கொண்டு இடப்பக்கம் தேடினேன். சின்னச் சின்ன மஞ்சள் பொட்டுகள், ஒரே வரியில். நம் லயம். ஆக, லயம் தெரியும். அங்கிருந்து தெரியத்தான் செய்கிறது.

அப்போதுதான் அந்தப் பொட்டுகள் ஆடின.

கோயில் விளக்கு, லயம், தொழிற்சாலை எல்லாம் ஒரே நேரத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெதுவாக அசைந்தன. யாரோ மலையையே கையில் பிடித்து ஆட்டிக் காட்டுவது போல இருந்தது. எனக்கு ஒரு கணம் விளங்கவில்லை. கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்தேன். வெளிச்சங்கள் மெல்ல நின்றன. காலை உதைத்துத் தொட்டிலை வேண்டுமென்றே ஆட்டினேன். மறுபடியும் ஆடின.

"யாரும்மா மேல ஆட்டுறது? புள்ள பயப்படுது" என்று கீழ்த் தொட்டிலிலிருந்து ஒரு பெண் சத்தம் போட்டாள். நான் நிறுத்தவில்லை. அழுதுகொண்டே ஆட்டினேன்.

நீ பார்த்திருக்கிறாய். தொட்டில் ஆடியதில், மரத்தில் கட்டி வைத்த விளக்கு உனக்கு ஆடித்தான் தெரிந்திருக்கிறது. கண்டதை அப்படியே வந்து சொன்னாய். அம்மா உனக்காகக் கையில் தூக்கி ஆட்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டே கோச்சி ஏறியிருக்கிறாய். ஸ்டேஷனில் நீ எதையும் விழுங்கவில்லை. உனக்கு அழத் தேவையிருக்கவில்லை.

எனக்கு அது போதும். அத்தைக்குப் போதாது. மகள் தன்னிடம் பொய் சொல்லிவிட்டுப் போனாள் என்றே அந்த மனுஷி எங்கோ ஒரு மலையில் இன்னும் நினைத்துக்கொண்டிருப்பார். திருச்சிக்கு ஆள் போகும்போதெல்லாம் விசாரிக்கச் சொல்லி இன்று காலை துணிக்கடைக்குப் போய், நானே வாய் திறந்து முதலாளியிடம் கேட்டுவிட்டு வந்தேன். ஊர் தெரியவில்லை என்றால் வேறு யாரையாவது கேட்பேன். இப்போது கேட்பதும் என் வேலைதான். அத்தையைக் கண்டால் சொல்வதற்கு ஒரு வார்த்தை வைத்திருக்கிறேன்.

அன்னிக்குக் காத்தே இல்ல அத்தை. அவ பாத்துட்டா.