ராணி எழுதாத கடிதம்

ஜனவரி 9

புது நாவலில் காலையில் ஒன்றரைப் பக்கம்தான். தளபதி கப்பலை விட்டு இறங்க மாட்டேன் என்கிறான். மூன்று நாளாக அவனோடு மல்லுக்கட்டு.

மாலையில் மாடி வீட்டுப் பெண் பள்ளிப் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினாள். மனப்பாடப் பகுதியாம்: ராணி சிறையிலிருந்து தம்பிக்கு எழுதிய கடைசிக் கடிதம். இரண்டு வரி படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. ராணி தம்பிக்கு ஒரு வரிகூட எழுதியதாகச் சரித்திரத்தில் கிடையாது. ஆறு வருஷத்துக்கு முன்னால் என் நாவலுக்காக நானே உட்கார்ந்து எழுதிய கடிதம் அது. அடியில், எடுத்தாண்ட நூல் என்று அத்தானுடைய புத்தகத்தின் பெயர் போட்டிருந்தது.

ஜனவரி 10

அத்தானுக்கு போன் செய்தேன். அக்கா புருஷன் மட்டுமா அவர்? சரித்திரப் பேராசிரியர், பாடநூல் குழுவில் பெரிய ஆள், இருபத்தெட்டு வருஷமாக என் எழுத்துக்கு முதல் வாசகர். அந்தக் கடிதத்தை நான் வாசித்துக் காட்டியபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டவர்.

என் கற்பனை உங்கள் புத்தகத்தில் எப்படி ஆதாரமாச்சு என்று கேட்டேன். அவர் சொன்னார்: "விடு குட்டி. ராணி எழுதியிருந்தா இப்படித்தானே எழுதியிருப்பா? யாருக்கு என்ன கெட்டுப்போச்சு?"

பாராட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டு போனை வைத்தேன்.

பிப்ரவரி 2

ஓர் ஆராய்ச்சி மாணவி பத்திரிகையில் எழுதியிருக்கிறாள். கடிதத்தில் வரும் ஒரு சொல், ராணி இறந்து நூறு வருஷம் கழித்துத்தான் புழக்கத்துக்கு வந்ததாம். மூலப் பிரதி எங்கே, காட்டுங்கள் என்று கேட்கிறாள். சொல் என்னுடையது, தப்பும் என்னுடையது. கெட்டிக்காரப் பெண்.

பிப்ரவரி 11

பேப்பரில் அத்தானின் பேட்டி. "உண்மையான கடிதத்தின் நகல் என்று சொல்லி நாவலாசிரியைதான் என்னிடம் கொடுத்தார். உறவு என்பதால் நம்பி ஏமாந்துவிட்டேன்."

மூன்று தடவை படித்தேன். ஏமாந்தது அவராம்.

பிப்ரவரி 12

பதிப்பாளர் பேசினார். தளபதி நாவலைக் கொஞ்சம் ஆறப்போடலாம் என்றார். எவ்வளவு நாளைக்கு என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. யாரோ ஒருவர் தபால் கார்டில் 'பித்தலாட்டக்காரி' என்று எழுதிப் போட்டிருக்கிறார். இரண்டு எழுத்துப் பிழை.

பிப்ரவரி 14

அக்கா வந்தாள். நேரே உள்ளே வந்து, காயப்போட்டிருந்த துணியையெல்லாம் எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். எனக்காகத்தான் வந்திருக்கிறாள் என்று மனசு குளிர்ந்துபோனது. கடைசித் துண்டை மடிக்கும்போதுதான் விஷயத்துக்கு வந்தாள்.

"பல்கலைக்கழகத்துல விசாரணை வெக்கிறாங்க. நீதான் நிஜம்னு சொல்லிக் கொடுத்தேன்னு ஒத்துக்கோயேன். நீ கதை எழுதறவ. நீ பொய் சொன்னா யாரும் பெரிசா எடுத்துக்க மாட்டாங்க. அவருக்கு இதை விட்டா ஒண்ணுமில்ல."

அப்ப எனக்கு? எனக்கு மட்டும் வேற என்னடி இருக்கு? இதை அவளிடம் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன், நோட்டுப் புத்தகத்திடம்.

முடியாது என்று மட்டும் சொன்னேன். மடித்த துணியை அப்படியே நாற்காலியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

மார்ச் 6

விசாரணை. நீளமான அறை, நீளமான மேசை, மூன்று பெரியவர்கள். எதிரில் அத்தான். என்னை 'இந்த அம்மா' என்றார். 'இந்த அம்மா கொடுத்தாங்க, இந்த அம்மா சொன்னாங்க.' குட்டி எங்கே போனாளோ.

கற்பனை என்று அவருக்குத் தெரியும் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று தலைவர் கேட்டார். கடிதத்தில் ஒரு வரி வரும்: 'என் காலணிகளைக் கட்டிலருகிலேயே வைத்திருக்கிறேன், திடீரென்று புறப்பட நேர்ந்தால் தேடக்கூடாது.' அது ராணியின் பேச்சு இல்லை, எங்கள் அம்மா ஆஸ்பத்திரியில், போவதற்கு இரண்டு நாள் முன்னால் சொன்னது என்றேன். "செருப்பைக் கிட்டயே வைங்கடி, திடீர்னு கிளம்பணும்னா தேடிட்டிருக்க முடியாது." அப்போது அந்த அறையில் மூன்று பேர் இருந்தோம். நான், அக்கா, அத்தான். அந்த வரியைப் படித்த நிமிஷமே இது என் கைவேலை என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

அத்தான் மேசையைப் பார்த்தபடி இருந்தார். வெளியே காத்திருந்த அக்காவைக் கூப்பிட்டார்கள். உங்கள் அம்மா அப்படிச் சொன்னார்களா என்று அது ஒன்றைத்தான் கேட்டார்கள்.

அக்கா என் பக்கம் திரும்பவில்லை. புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னாள்:

"அம்மா அப்படிச் சொன்னதா எனக்கு ஞாபகம் இல்லைங்க."

கட்டிலுக்கு அடியில் குனிந்து, செருப்பை எடுத்து அம்மா கைக்கு எட்டுகிற மாதிரி வைத்தவளே அவள்தான்.

மார்ச் 7

எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 11

அத்தான் என்னை விற்றார், சரி. அவருக்குப் பேர் பெரிசு, புத்தகம் பெரிசு. அது எனக்குப் புரிகிறது, புரிந்து தொலைக்கிறது. ஆனா இவ? அம்மா வார்த்தைடி அது. என்னை இல்லேன்னு சொல்லியிருந்தாக்கூடப் பரவாயில்லை— அம்மாவை எப்படி? எப்படி மனசு வந்துச்சு?

ஏப்ரல் 22

அறிக்கை வந்துவிட்டது. கடிதம் கற்பனை, யார் யாரை ஏமாற்றினார்கள் என்று முடிவுசெய்யப் போதிய ஆதாரம் இல்லை. பாடத்திலிருந்து எடுத்துவிடுவார்கள். அத்தான் குழுவில் தொடர்கிறார். மாடி வீட்டுப் பெண், படிக்க ஒன்று குறைந்தது என்று சந்தோஷப்பட்டாள்.

ஜூன் 30

தளபதி கரை இறங்கிவிட்டான். ஒரே மூச்சில் பதினோரு பக்கம்.

செப்டம்பர் 14

நாவல் முடிந்தது. பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போய் வாசித்துக்காட்டுவது பழக்கம். கால் அந்தப் பக்கம் போகத் துடிக்கிறது, வெட்கங்கெட்ட கால். கடைசியில் அந்த ஆராய்ச்சி மாணவிக்கே அனுப்பிவிட்டேன். வேறு யாரும் தோன்றவில்லை.

அக்டோபர் 19

மாணவி நேரில் வந்தாள். நினைத்ததைவிடச் சின்னப் பெண், பேச்சில் தயவு தாட்சண்யம் கிடையாது. பென்சிலால் முப்பத்தெட்டு இடத்தில் குறித்திருந்தாள். காற்று வீசும் திசை, கப்பலின் பாய்மரக் கணக்கு, அந்தக் காலத்தில் இல்லாத பொத்தான். அத்தான் இத்தனை வருஷத்தில் ஒரு தப்புகூடக் காட்டியதில்லை. எல்லாமே பிரமாதம் குட்டி, பிரமாதம்தான் என்பார்.

ஒன்பதாம் அத்தியாயத்தில், அரசவையில் தளபதியைக் கூடப்பிறந்தவளே கைவிடும் இடத்தில், பெரிதாகக் கேள்விக்குறி போட்டிருந்தாள். "ஆதாரம் இல்லாட்டிக்கூடப் பரவாயில்லை மேடம். ஆனா கூடப்பிறந்தவ இப்படிச் செய்வாளா? நம்புற மாதிரி இல்லையே."

யோசிக்கிறேன் என்றேன்.

அவள் போனதும் வேலைக்கு உட்கார்ந்தேன். முப்பத்தேழு இடத்தைத் திருத்திவிட்டேன்.